சாய்ந்த புகைபோக்கிக்கு ஒரு வட்ட ஓட்டை

அன்பு மகன் சுப்பையாவுக்கு,

இதெல்லாம் இப்படித்தான் முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். டிராயிங் ஆபீஸ் உன்னை வெளியே தள்ளும் என்று சொன்னேன். காளிகாட் பாங்கிக்காரர் பெண்ணைக் கொடுப்பதாகத் தலையாட்டிவிட்டுக் கழுத்தைத் திருப்பிக்கொள்வார் என்று சொன்னேன். இந்த ஊரில் இத்தனை கப்பல் பட்டறை இருந்தும் நீ ரங்கூனுக்குக் கப்பல் ஏறுவாய் என்றும் சொன்னேன். நான் எழுதும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிற பழக்கம் உனக்குத் தெரியும். பக்கத்தில் அருவாமணையோடு உட்கார்ந்து வாழைத்தண்டு நறுக்குகிற உன் சித்தி, "எப்பச் சொன்னிய? என் காதுல விழலையே" என்கிறாள். மனதுக்குள் சொன்னதும் சொன்னதுதான். அவளுக்கு அதெல்லாம் புரியாது.

இது உனக்கு எழுதுகிற கடிதம் என்றாலும் உனக்கு மட்டும் எழுதுகிற கடிதம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் காளிகாட்டில் நம் ஊர்க்காரர்கள் கூடி, அவரவருக்கு வந்த ஊர்க் கடிதங்களை உரக்கப் படிக்கிறார்களே, அங்கே இதையும் கொடு. முழுக்கப் படிக்கச் சொல். நல்ல தொண்டையுள்ள ஒருவரைப் படிக்கச் சொல். போன தடவை படித்தவர் நடுவில் இருமியே எல்லோரையும் எழுப்பி அனுப்பிவிட்டார். பாங்கிக்காரர் முன்வரிசையில்தான் இருப்பார். அவர் எங்கேயும் முன்வரிசைதான். புதன்கிழமை உன் கப்பல். அதற்குள் சம்பந்தம் உண்டா இல்லையா என்று முடிவு சொல்வதாக அவர் சொல்லியனுப்பியிருக்கிறார். பெரிய ஹைக்கோர்ட்டு. தீர்ப்புக்கு நாள் குறித்திருக்கிறார்.

உன்னைப் பெற்றவர் என் அண்ணன். அவர் போனபோது உனக்கு ஐந்து வயது. திருநெல்வேலியிலிருந்து ரயிலில் உன்னை மடியில் வைத்துக்கொண்டு இந்த வங்காளத்து ஊருக்குக் கொண்டுவந்தவன் நான். வழியெல்லாம் நீ ஜன்னல் கம்பியை எண்ணிக்கொண்டு வந்தாய். அப்போதே எனக்குச் சந்தேகம், பயல் கணக்கில் போய் விழுவான் என்று. நான் நாலாவது பாரம் வரை படித்தவன். அதற்கு மேல் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன், வாத்தியாருக்குப் பதில் தெரியவில்லை, நான் நின்றுவிட்டேன். கார்டன் ரீச்சில் ஆற்றோரக் கப்பல் பட்டறையின் ஸ்டோரில் குமாஸ்தா வேலை எனக்காகவே காத்துக்கொண்டிருந்தது. என் கையெழுத்தைப் பார்த்த துரை நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். சித்தி தண்டை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறாள். சரி, எழுந்து நிற்கவில்லை, நிமிர்ந்து உட்கார்ந்தார்.

உனக்குப் பன்னிரண்டு வயதில்தான் அந்த வியாதி தொற்றியது. பள்ளிக்கூடத்தில் குறுக்குவெட்டு என்று ஒன்று ஆரம்பித்தார்கள். ஒரு பொருளை நேராக வெட்டினால் வெட்டின இடத்தில் என்ன முகம் தெரியும், சாய்வாக வெட்டினால் என்ன முகம் தெரியும் என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். உலகத்தில் வெட்டுகிறவன் கசாப்புக்காரன், தின்கிறவன் மனிதன். நடுவில் நின்று முகம் பார்க்கிறவனை அன்றுதான் கண்டேன். வெள்ளரிக்காயை நேராக வெட்டி வட்டம் என்பாய், சாய்த்து வெட்டி நீள்வட்டம் என்பாய், நெடுக வெட்டி நீள்சதுரம் மாதிரி என்பாய். பொரி விற்கிறவன் காகிதத்தைச் சுருட்டிக் கொடுக்கிற கூம்பைக் கூட விட்டுவைக்கவில்லை. பொரியைத் தின்றுவிட்டுக் கூம்பைக் கத்தரியால் குறுக்கே வெட்டி வட்டம், சாய்த்து வெட்டி நீள்வட்டம், முனையிலிருந்து செங்குத்தாகப் பிளந்தால் முக்கோணம் என்று வரிசையாகத் தரையில் பரப்பி வைப்பாய். ஒரே காகிதத்துக்கு எத்தனை முகம் என்று கேட்டேன். "பொருள் ஒண்ணுதான் சித்தப்பா, கத்தி போற வழிதான் வேற" என்றாய். பன்னிரண்டு வயதுப் பயல் பேசுகிற பேச்சா அது? வாத்தியார் சொல்லிக்கொடுத்ததைக் கிளி மாதிரி ஒப்பித்தாய் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

சித்திதான் உனக்கு இடம் கொடுத்தது. "கறி நறுக்கச் சொன்னா கணக்குப் பண்ணுதான், கோட்டிக்காரப் பய" என்று வாயால் திட்டிக்கொண்டே, நறுக்குவதற்குத் தண்டை உன் கையில் கொடுப்பாள். ஒருநாள் நான் வெட்டவெளிச்சமாக ஒரு உண்மையைச் சொன்னேன். உருண்டையான தண்டை எப்படி வெட்டினாலும் வட்டம்தான் வர வேண்டும், சாய்ந்து வருவது வெட்டுகிறவன் கைக்கோளாறு என்றேன். நீ வாயைத் திறக்கவில்லை. சித்தி ஒரு தண்டை எடுத்து அருவாமணையில் சாய்த்து ஒரே இழுப்பாக இழுத்து என் முன்னால் போட்டாள். "இருவது வருசமா இத நறுக்கி இதத்தான திங்கிய? சாய்ச்சு வெட்டினா நீளமாத்தான் வரும். இதுக்குப் பள்ளிக்கூடம் வேற போணுமா?" என்றாள். தண்டு நாரோடு இருந்தது, அதனால் நீண்டுவிட்டது என்று நான் விளக்கினேன். அவளுக்கு விளக்கம் கேட்கும் பொறுமை கிடையாது.

பிறகு அந்தச் சேனைக்கிழங்கு. கனசதுரமாகச் சேனையைச் செதுக்கி வைத்துக்கொண்டு, இதை ஒரே வெட்டில் வெட்டி ஆறு பக்கம் உள்ள முகம் எடுக்க முடியும் என்றாய். நான் சிரித்தேன். நாலு பக்கம் வரும், மூலையைச் சீவினால் மூன்று பக்கம் வரும், அதற்கு மேல் வந்தால் என் மீசையை எடுத்துவிடுகிறேன் என்றேன். எதிர்வீட்டு வங்காளிக் குடும்பம் முழுக்க ஜன்னலுக்கு வந்துவிட்டது, ஒரு நூறு பேர் இருப்பார்கள். நீ ஆறு விளிம்புகளின் நடுவில் மையால் ஆறு புள்ளி வைத்து, அந்தப் புள்ளிகளின் வழியாகக் கத்தியை இறக்கினாய். ஆறு பக்கம், ஆறும் ஒரே நீளம், தேனடைக் கண் மாதிரி. ஜன்னலில் கை தட்டினார்கள். கத்தி கோணல் என்று நான் சொன்னேன். மீசை போகவில்லை, ஏனென்றால் பந்தயத்தில் கோணல் கத்திக்கு இடம் இல்லை. நீ மறுபடியும் வாயைத் திறக்கவில்லை. உன்னிடம் எனக்குப் பிடிக்காத குணமே அதுதான். எதிர்த்துப் பேசுகிறவனைச் சமாளித்துவிடலாம். பேசாமல் இருக்கிறவன் முன்னால் மனிதன் எத்தனை நேரம்தான் பேசிக்கொண்டே இருப்பது?

ஒரு தப்பை மட்டும் ஒப்புக்கொள்கிறேன், பெரிய மனிதனுக்கு ஒரு தப்பு அழகு. பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருகிற நாள் காலையில் உன் படம் வரைகிற நோட்டைப் புரட்டினேன். சாய்வாக வெட்டின உருளைக்கு ஒரு நசுங்கின வட்டம் போட்டிருந்தாய். கவராயம் வழுக்கிவிட்டது, பயல் கவனிக்கவில்லை, இன்ஸ்பெக்டர் பார்த்தால் மானம் போகும் என்று எனக்குப் பதறியது. நீ குளித்துவிட்டு வருவதற்குள் அதை அழித்து அழகான முழு வட்டமாகப் போட்டு வைத்தேன். சாயங்காலம் நீ உள்ளங்கையை மடக்கிக்கொண்டு வந்தாய். வாத்தியார் பிரம்பு. முதல் தரமான வட்டம், தப்பான விடை என்று சொல்லி அடித்தானாம். பார், அடிக்கிறபோதும் வட்டத்தைப் புகழாமல் இருக்க முடியவில்லை அவனுக்கு. யார் போட்டது என்று அவன் கேட்டானா, நீ என்ன சொன்னாய் என்று நான் கேட்டேன். "நான்தான்னு சொன்னேன்" என்றாய். பழைய கதை. இப்போது இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை.

வட்டம் என்று வந்தபிறகு சொல்லித்தான் ஆகவேண்டும். கார்டன் ரீச் முதல் காளிகாட் வரை என்னைப் போல வட்டம் போடுகிறவன் கிடையாது. கவராயம் எல்லாம் கைநடுங்கிகளுக்கு. எனக்கு ஒரு ஆணியும் ஒரு முழம் கயிறும் போதும். ஆணியை நடுவில் அடித்து, கயிற்றின் நுனியில் பென்சிலைக் கட்டி ஒரே சுற்று. எதிர்வீட்டு சரஸ்வதி பூஜைக்கு மாவுக்கோலத்தின் வெளிவட்டத்தை ஒவ்வொரு வருஷமும் என்னைத்தான் கூப்பிட்டுப் போடச் சொல்வார்கள். ஸ்டோரில் எண்ணெய்ப் பீப்பாய்க்கு மூடி வெட்டுவதென்றாலும் என் கயிறுதான். துரைகளே வந்து நின்று பார்ப்பார்கள். சித்தி ஒன்றும் சொல்லவில்லை, ஆகவே இது உண்மை.

நீ படித்து முடித்ததும் அதே பட்டறை டிராயிங் ஆபீஸில் உன்னைச் சேர்த்துவிட்டேன். பரீட்சை வைத்துத்தான் எடுத்தார்கள் என்று நீ சொல்வாய். வைத்திருக்கலாம். அங்கே தலைமை டிராப்ட்ஸ்மேன் ஒரு வங்காளி, எல்லோரும் பொரோபாபு என்று கூப்பிடுகிற பெரியவர். கன்னத்தில் எப்போதும் வெற்றிலை, மூக்கு நுனியில் கண்ணாடி, பேச்சில் பாதி பெருமூச்சு. அந்த ஆளுக்கு உன்னைப் பிடித்துப்போய்விட்டது. கப்பலின் உடம்பை முன்னாலிருந்து பின்னால் வரை ரொட்டி மாதிரி துண்டு துண்டாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் என்ன வடிவம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறானாம் இந்தப் பயல். என்னிடம் வந்து, "உங்கள் பிள்ளைக்குப் பொருளின் உள்ளே கண் இருக்கிறது, மொஷாய்" என்று மரியாதையாக இழுத்தார். ரொட்டி வெட்டுகிற பிழைப்புக்கு இத்தனை மரியாதையா என்று எனக்குச் சிரிப்பு. நீயானால் அந்த ஆள் பெயரைச் சொல்லும்போதே எழுந்து நிற்பாய். எனக்கு ஒருநாளும் நீ எழுந்து நின்றதில்லை.

இப்போது எல்லோருக்கும் தெரிய வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன், படிக்கிறவர் குரலைச் சற்று உயர்த்தட்டும். ஆற்றில் ஓடுகிற ஒரு நீராவிக் கப்பலுக்குப் புதுப் புகைபோக்கி. புகைபோக்கி உருண்டை, ஆனால் பின்பக்கமாகச் சாய்ந்து நிற்கும். அப்படி நின்றால்தான் கப்பலுக்கு ஒரு மிடுக்கு என்று துரைகள் நினைப்பு. மேல்தளத்து இரும்புத் தகடு மட்டமாகக் கிடக்கும். அந்தத் தகட்டில் புகைபோக்கி நுழைய ஓட்டை. அந்த ஓட்டைக்கு நிஜ அளவில் தாளில் படம் போட்டுக் கொடுக்கிற வேலை உனக்கு. அந்தத் தாளைத் தகட்டின் மேல் விரித்து, கோட்டின் வழியே ஊசியால் குத்திக் குறி எடுத்துக்கொண்டு தகட்டை வெட்டுவார்கள், தாள் ஸ்டோருக்கே திரும்பி வரும். நீ போட்டது நீள்வட்டம். பொரோபாபு பார்த்துத் தலையாட்டினார். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் நீயே அதை ஸ்டோருக்குக் கொண்டுவந்து, "சித்தப்பா, இத அப்படியே புத்தகத்துல பதிஞ்சு தகட்டுப் பட்டறைக்கு அனுப்பிருங்க" என்று என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாய்.

அதற்கப்புறம் நடந்ததை நான் காளிகாட்டில் நாற்பது வீட்டில் சொல்லியிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன். நான் பதிந்துவிட்டு, கடைசியாக ஒருமுறை பார்க்கட்டும் என்று பொரோபாபுவுக்கு அனுப்பினேன். என் கண்ணால் பார்த்தேன். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கினார். கண்ணாடியைத் துடைத்தார். பித்தளைக் கவராயத்தை எடுத்து உன் நீள்வட்டத்துக்குப் பதில் வேறு தாளில் வட்டம் போட்டு, அதைத் தகட்டுப் பட்டறைக்கு அனுப்பினார். வயதான ஆள், பின்னால் வருகிற சின்னப் பயல் தன்னை மிஞ்சிவிடுவான் என்று பயம். நான் அப்போதே சொன்னேன், மொஷாய், வேண்டாம், புகைபோக்கி நுழையாது என்று. கேட்கவில்லை. சித்தி தண்டு நறுக்குவதை நிறுத்திவிட்டாள். அருவாமணையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

புகைபோக்கி ஏற்றின நாள் உனக்கு மறக்காது. ஆயிரம் பேர் கூடியிருந்தார்கள். பாரந்தூக்கி அதை ஆகாயத்தில் தூக்கி, சாய்வாகப் பிடித்து, ஓட்டைக்கு மேலே கொண்டுவந்து மெல்ல இறக்கியது. பக்கவாட்டில் சரியாகப் பொருந்தியது. முன்னும் பின்னும் தட்டியது. தூக்கினார்கள், மறுபடி இறக்கினார்கள், மறுபடி தட்டியது. சாய்ந்த உருளையை மட்டமான தகடு வெட்டுகிற இடத்தில் நீள்வட்டம்தான் இருக்கும். அங்கே முழு வட்டம் இருந்தால் உருளை எங்கே போகும்? பன்னிரண்டு வயதுப் பையனுக்குத் தெரிகிற விஷயம். துரையின் முகம் செங்கல் மாதிரி ஆனது. பாரம் இழுக்கிற கலாசிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பொரோபாபு ஓடிவந்து தாளைப் பிடுங்கிப் பார்த்து, "ஏ கீ! ஆமி தோ டிம் தெக்கேச்சிலாம்!" என்று கத்தினார், இதென்ன, நான் பார்த்தது முட்டை ஆச்சே என்று. என்ன நடிப்பு என்று நான் பின்னால் நாற்பது வீட்டிலும் சொன்னேன்.

துரை தாளை உன்னிடம் நீட்டி, இது யார் போட்டது என்று கேட்டார். நீ அதை வாங்கிப் பார்த்தாய். மூலையில் இருந்த எண்களைப் பார்த்தாய். பிறகு தலையை நிமிர்த்தாமலே, "நான்தான் சார்" என்றாய். நான் பத்தடி தூரத்தில் பதிவுப் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். வெயில் கண்ணில் அடித்தது. சாயங்காலத்துக்குள் பதிவுப் புத்தகத்தில் உன் பெயரை அடித்துவிட்டார்கள். அந்த அடித்தல் கோட்டை யார் போட்டது என்று தெரியவில்லை, கோணல் மாணலாக இருந்தது.

இனி காளிகாட் பெரிய மனிதர். அவர் பெண் சிவகாமி நல்ல பெண். அது அவர் குற்றம் இல்லை. செய்தி தெரிந்ததும் அவர் என்னை வாசலிலேயே நிறுத்தி, "வே, கப்பலுக்கு ஒரு ஓட்டை போடத் தெரியாத பயலுக்கு எம் பொண்ணக் கொடுத்து, அது எங்க போய் நிக்கும்?" என்றார். உள்ளேயிருந்து பெண்ணின் குரல் வந்தது, "அப்பா, அவுகள வாசல்ல நிக்க வைக்காம உள்ள கூப்பிடுங்க" என்று. அவர் கூப்பிடவில்லை. பாங்கியில் இந்த ஆளுக்கு என்ன வேலை தெரியுமா? வருகிற காகிதத்தின் கையெழுத்தையும் புத்தகத்தில் இருக்கிற கையெழுத்தையும் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே ஆளா என்று உற்றுப் பார்க்கிற வேலை. காலை பத்து மணி முதல் சாயங்காலம் வரை உற்றுப் பார்க்கிறார். இதற்கு ஒரு மின்விசிறி வேறு. ஆனால் அந்த வேலையில் அவர் ஒருதரமும் ஏமாந்ததில்லை என்று ஊரே சொல்கிறது. நானும் அப்படித்தான் கேள்விப்பட்டேன்.

நான் என்ன செய்வேன்? உன் பெயரைக் காப்பாற்றத்தான் பொரோபாபு கதையை வீடு வீடாகச் சொன்னேன். ஒவ்வொரு வீட்டிலும் அது கொஞ்சம் வளர்ந்தது, அதற்கு நான் பொறுப்பில்லை, கேட்கிறவர்கள் காபி கொடுத்தார்கள். நம் ஆட்களும் உச்சுக் கொட்டினார்கள். அந்த வெற்றிலை வாய்க்காரனா, இருக்கும் இருக்கும் என்றார்கள். அது உன் காதுக்கு வந்த அன்று நீ சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தாய். கையை இலையிலேயே வைத்தபடி என்னைப் பார்த்தாய். "என்னையத் தள்ளினாப் போவுது சித்தப்பா. அவரு மேல மட்டும் போடாதிய" என்றாய். ஏல, அந்த ஆள் உனக்கு யார், நான் உனக்கு யார் என்று கேட்டேன். நீ எழுந்து கைகழுவினாய். மறுநாள் துணிமணியை எடுத்துக்கொண்டு கிதர்ப்பூரில் கப்பல்துறைப் பக்கம் ஒரு அறைக்குப் போய்விட்டாய். பத்து நாளாயிற்று. சித்தி தினமும் மூன்று பேருக்கு உலை வைக்கிறாள்.

கடிதத்தில் புத்திமதி இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் குறை சொல்வார்கள், எழுதுகிறேன். ரங்கூனில் உனக்கு ஒரு மேஜை கொடுப்பார்கள். உன் மேஜையை விட்டுத் தாள் வெளியே போகும்போது நீயும் அதன் கூடவே போ. அப்படியே பதிந்துவிடுங்கள் என்று யாரிடமும் வைத்துவிட்டு வராதே, சொந்தக்காரனாக இருந்தால் கண்டிப்பாக வராதே. நம் ஆட்கள் குமாஸ்தா உத்தியோகத்தில் ஊறினவர்கள். மேலே போகிற காகிதத்தில் ஒரு பிழை கண்டால் கை சும்மா இராது. எழுதினவன் நம் பையன் என்றால் கேட்கவே வேண்டாம், துரை கண்ணில் படுவதற்குள் திருத்தி, சுத்தப்பிரதி எடுத்து, அழகாக அனுப்பி வைப்போம். காகிதத்தில் எழுதினது தப்பா, படிக்கிற நமக்கு விளங்கவில்லையா என்று யோசிக்கிற வழக்கம் நமக்குக் கிடையாது. பிழை என்று பட்டால் பிழைதான். இந்த ஊரில் நம் பாதிப் பேர் இப்படித்தான் பெயர் வாங்கினோம். இப்படிப்பட்ட ஒருவன் ரங்கூனிலும் இருப்பான். மீசை வைத்திருப்பான். நாலாவது பாரம் படித்திருப்பான். உன் மேல் உயிரையே வைத்திருப்பான். அவனிடம் தாளைக் கொடுக்காதே.

இன்னொன்று. யாராவது கேட்டால் நான்தான் என்று சொல்கிற அந்தப் பழக்கத்தை விடு. பன்னிரண்டு வயதில் அது பிரம்படியோடு போயிற்று. இப்போது அது ஒரு பெண்ணின் வாழ்க்கையிலும் ஒரு வயதானவரின் பெயரிலும் வந்து நிற்கிறது. நீ செய்தது பெருந்தன்மை என்று காளிகாட்டில் யாராவது சொன்னால் நம்பாதே. பேசாமல் இருந்து இருந்து நீ என்னை இன்னும் பெரிய வாயனாக ஆக்கிவிட்டாய். சிவகாமியிடமாவது வாயைத் திறந்து பேசு. அந்தப் பெண் வீட்டுக்குள்ளிருந்து குரல் கொடுக்கிறவள், அவளுக்குப் பேசாத புருஷன் ஒத்துவராது.

எழுதினதை இதுவரை சித்திக்கு உரக்கப் படித்தேன். "முடிஞ்சுதா?" என்று கேட்டாள். முடிந்தது என்றேன். "எனக்கு ஒண்ணு கேக்கணும்" என்றாள். கேள் என்றேன். "புகைபோக்கி ஏத்துனதுக்கு ரெண்டு நாளு முன்னால, நீங்க சாப்பாட்டுத் தூக்குச்சட்டியக் கழுவாமக் கொண்டாந்தது எதுக்கு? மத்தியானம் சாப்பிடவே இல்லையே நீங்க. சாதம் அப்படியே இருந்துது" என்றாள். பசிக்கவில்லை என்றேன். "சாப்பாட்டு வேளையில என்ன செஞ்சிய?" என்றாள். முப்பது வருஷமாக நான் எத்தனையோ சொல்லியிருக்கிறேன், ஒன்றுக்கும் அவள் இப்படி உட்கார்ந்து காத்திருந்ததில்லை.

ஆகவே ஒரு சின்னத் திருத்தம். மேலே எழுதினதில் பொரோபாபு கண்ணாடியைத் துடைத்தது, வெற்றிலையை ஒதுக்கினது, கவராயத்தை எடுத்தது, நான் வேண்டாம் என்று தடுத்தது, இவை நடக்கவில்லை. அந்தத் தாள் அவரிடம் திரும்பிப் போகவே இல்லை. நீ என் மேஜையில் வைத்துவிட்டுப் போனதும் பார்த்தேன், நசுங்கின வட்டம். பயலுக்கு மறுபடியும் கவராயம் வழுக்கிவிட்டது, துரை கண்ணில் பட்டால் வேலை போய்விடும் என்று பயந்துவிட்டேன். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, ஸ்டோர் கதவைச் சாத்திக்கொண்டு, புதுத்தாள் எடுத்து முழு வட்டமாகப் போட்டு, எண்களையும் என் கையால் அழகாக எழுதி அனுப்பினேன். உன்னைக் காப்பாற்றிவிட்டேன் என்று அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடந்தே வந்தேன், டிராமில் ஏறத் தோன்றவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

பட்டறைத் தாள்களைக் காப்பவனும் நான்தான். உன் நீள்வட்டத் தாளை நான் கிழிக்கவில்லை. இவ்வளவு சுத்தமாக எழுதின எண்களைக் கிழிக்க மனம் வரவில்லை. இரண்டு தாளையும் இதோடு மடித்து வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தையும் சேர்த்து மூன்றையும் பாங்கிக்காரர் முன்னால் பரப்பு. எந்தத் தாளில் எந்தக் கை எழுதியிருக்கிறது என்று அவர் உற்றுப் பார்க்கட்டும், அதுதானே அவர் பிழைப்பு. அவர் பார்த்து முடித்ததும் தாள்களை அன்றைக்கே ஒரு ஆளிடம் திருப்பி அனுப்பு. திங்கட்கிழமை காலையில் முதலில் பொரோபாபுவிடமும் பிறகு துரையிடமும் நானே அவற்றைக் கொண்டுபோக வேண்டும். சித்தி கூட வருகிறேன் என்கிறாள். நான் நடுவில் கதையை மாற்றிவிடுவேனாம்.

பாங்கிக்காரருக்கு அதற்கு மேலும் சந்தேகம் இருந்தால் வட்டத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கச் சொல். நடுவில் ஒரு ஓட்டை தெரியும். கவராயத்தின் முள் அவ்வளவு பெரிய ஓட்டை போடாது. அது ஆணி.

இப்படிக்கு,
உன் சித்தப்பா